மலைக்குப் போகுமுன் மண்ணைக் கேளுங்கள்!

வானம் வெளுத்திருந்தால் போதுமா? காலடியில் காத்திருக்கும் அபாயங்கள்

நவம்பர் மாதக் கடைசி. காலை மணி எட்டு. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் இருக்கும் கிளென்ரிடிங் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் அப்போதுதான் பொழுது புலர்கிறது. முன்னிரவு வரை கொட்டிய மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருக்கிறது. தோளில் பையும் காலில் கனத்த பூட்ஸுமாக நாலைந்து பேர் கிளம்புகிறார்கள். அவர்கள் ஏறப் போவது ஹெல்வெலின் மலை.

புதிதாக வந்தவர் அண்ணாந்து பார்த்து, "ஆஹா, எவ்வளவு அருமையான நாள்!" என்று பூரித்துப் போகிறார். பழகியவரோ வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து கொள்கிறார். வேலியோரத்துப் புல்லைக் காலால் அழுத்துகிறார். தண்ணீர் பொசுக்கென்று பூட்ஸின் மேல் ஏறுகிறது. பாலத்தடியில் ஓடும் ஓடையின் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்கிறார். மலையின் நெற்றியில் வெண்மை எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று கண்ணை இடுக்கிக் கொண்டு பார்க்கிறார். பிறகு நிதானமாகச் சொல்கிறார்: "இன்றைக்கு அந்தக் கத்திமுனை வழி வேண்டாம். மேற்குப் பக்கம் சுற்றிக் கொண்டு போவோம்."

புதியவருக்கு ஏமாற்றம். நல்ல வெயில் நாளாயிற்றே! ஆனால் வானம் சொல்வது இன்றைய சேதி மட்டும். தரையோ கடந்த பத்து நாட்களின் கணக்கு முழுவதையும் மறைத்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாமல் போய்த் திரும்பாதவர்கள் பலர்.

குட்டி மலைதான், ஆனாலும்...

ஹெல்வெலினின் உயரம் 950 மீட்டர். அதாவது 3,100 அடிக்குச் சற்று அதிகம். இங்கிலாந்தில் இதுதான் மூன்றாவது பெரிய மலை. நம் ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் இதைவிட உயரத்தில் இறங்கி டீ சாப்பிடுகிறார்கள்! "இதற்கா இவ்வளவு பயம்?" என்று தோன்றலாம்.

ஆனால் உயரத்தை மட்டும் வைத்து மலையை எடை போடக் கூடாது. ஹெல்வெலின் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 54 டிகிரிக்கும் அப்பால். நவம்பர் கடைசியில் அங்கே பகல் பொழுது ஏறக்குறைய எட்டு மணி நேரமே. நடுப்பகலில் கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் எழும்புகிறது. வடக்கையும் கிழக்கையும் நோக்கிய பள்ளங்களில் வாரக் கணக்காக வெயிலே படுவதில்லை. நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

மலையின் அமைப்பும் விசித்திரமானது. மேற்குப் பக்கம் புல் மூடிய சரிவு. உச்சியோ மைதானம் போன்ற சமதரை. 1926 டிசம்பர் 22-ஆம் தேதி ஜான் லீமிங், பெர்ட் ஹிங்க்லர் என்ற இரு விமானிகள் தங்கள் சிறு விமானத்தை அந்த உச்சியிலேயே இறக்கி, மறுபடி கிளப்பிக் கொண்டு போனார்கள்! அந்தச் சாகசத்தைச் சொல்லும் கல் அங்கே இன்னும் இருக்கிறது.

கிழக்குப் பக்கம் கதையே வேறு. செங்குத்தான பாறைகள். நடுவே ஒரு குளம். குளத்தின் இரு புறமும் கத்தியை நிமிர்த்தி வைத்தாற்போல் இரண்டு பாறை முதுகுகள். அவற்றில் ஒன்றுதான் பேர்போன ஸ்ட்ரைடிங் எட்ஜ். கோடையில் சிறுவர்கள் கூடத் தாண்டிப் போகும் இந்த வழியில் ஓர் இரும்பு நினைவுச் சின்னம் நிற்கிறது. ராபர்ட் டிக்ஸன் என்ற உள்ளூர்க்காரர், நரி வேட்டை நாய்களின் பின்னே போனபோது அங்கே விழுந்து உயிரிழந்தார் என்று அது சொல்கிறது. தேதி, 1858 நவம்பர் 27. அடுத்த கிராமத்துக்காரர், மலையடிவாரத்திலேயே வாழ்ந்தவர். அவருக்கே அந்தக் கதி!

கேட்க ஆள் இல்லாத மாதம்

இங்கிலாந்தில் இந்த மலைகளை 'ஃபெல்' என்கிறார்கள். குளிர்காலத்தில் ஹெல்வெலின் உச்சியின் நிலவரத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்றே அங்குள்ள தேசியப் பூங்கா நிர்வாகம் ஆட்களை நியமித்திருக்கிறது. 'ஃபெல்டாப் அசெஸர்' என்பது அவர்கள் உத்தியோகத்தின் பெயர். 'மலையுச்சி மதிப்பீட்டாளர்' என்று நாம் சொல்லலாம். ஆபீஸ் நாற்காலி கிடையாது, மலைதான் ஆபீஸ்!

அவர்கள் முறை வைத்துக் கொண்டு தினம் ஒருவராக மலையேறுகிறார்கள். மழையானாலும் புயலானாலும் உச்சிப் பக்கம் போய்க் காற்றின் வேகத்தையும் குளிரின் அளவையும் கருவி வைத்து அளக்கிறார்கள். பனி எத்தனை ஆழம், அது மிருதுவா கெட்டியா, எந்த உயரத்திலிருந்து தரை உறைந்திருக்கிறது, எந்த வழியில் பனிக்கட்டி படிந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக் கொள்கிறார்கள். இறங்கி வந்ததும் அந்த அறிக்கையும் புகைப்படங்களும் பொது மக்களுக்கு வெளியிடப்படுகின்றன. மறுநாள் ஏற நினைப்பவர் வீட்டில் இருந்தபடியே தெரிந்து கொள்ளலாம்.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் இந்த வேலை வழக்கமாகத் தொடங்குவது டிசம்பர் மாதத்தில். ஸ்காட்லாந்தில் பனிச்சரிவு அபாயத்தைப் பற்றித் தினசரி அறிக்கை தரும் ஸ்தாபனமும் டிசம்பர் நடுவில்தான் முழு மூச்சாக வேலையை ஆரம்பிக்கிறது.

அப்படியானால் நவம்பரில்? கோடை போய்விட்டது, குளிர்காலம் முறையாக வந்து சேரவில்லை. இலையுதிர்காலத்தின் அந்தக் கடைசி வாரங்களில் மலையேறுகிறவன் தனக்குத் தானே மதிப்பீட்டாளனாக இருந்தாக வேண்டும். கீழே பள்ளத்தாக்கில் மரங்களில் பொன்னிற இலைகள் இன்னும் தொங்குகின்றன. ஆட்டு மந்தைகள் மேய்கின்றன. மேலே இரண்டாயிரம் அடி ஏறினால் வேறோர் உலகம். இந்த இரட்டை வேஷம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

பிரிட்டனை உலுக்கிய நவம்பர்

1971 நவம்பர் 20. சனிக்கிழமை. எடின்பரோ நகரத்துப் பள்ளி மாணவர்கள் சிலர் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளுக்கு வந்திருந்தார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். இந்த மலைகளின் மேற்பரப்பு, பல மைல் பரப்புள்ள ஒரு பெரிய மேட்டு நிலம். அதைக் கடந்து போவதுதான் திட்டம். கோடையில் அது ஒரு பகல் நடை.

இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்து புறப்பட்டார்கள். தேர்ந்தவர்கள் அடங்கிய கோஷ்டி முன்னே போயிற்று. பின்னே வந்த கோஷ்டியில் ஆறு பிள்ளைகள், தலைமை தாங்கிய ஓர் இளம்பெண், உதவிக்குப் பதினெட்டு வயதான இன்னொரு பெண். ஆக எட்டுப் பேர்.

மேட்டு நிலத்தில் புதுப் பனி கொட்டிக் கிடந்தது. மிருதுவான, கால் புதையும் பனி. ஒவ்வோர் அடியையும் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். காற்றும் வலுத்தது, பனிப்புயல் கண்ணை மறைத்தது. முன்னே போனவர்கள் எப்படியோ மேட்டு நிலத்திலிருந்த ஒரு சிறு கல் குடிலை அடைந்துவிட்டார்கள். பின்னே வந்தவர்களால் முடியவில்லை. இருட்டிவிட்டது. குடில் அதிக தூரத்தில் இல்லை. ஆனால் அந்தத் தரையில் அது எட்டாத தூரம். வெட்டவெளியிலேயே இரவைக் கழித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நகர முயன்றார்கள். பனி அதற்குள் இன்னும் ஆழமாகியிருந்தது. இரண்டாவது இரவும் அங்கேயே. திங்களன்று, தலைமை தாங்கிய பெண் உதவி தேடிக் கிளம்பினாள். நடக்கத் தெம்பில்லாமல் பனியில் தவழ்ந்து கொண்டிருந்த அவளை ஹெலிகாப்டரில் வந்தவர்கள் கண்டெடுத்தார்கள். திணறித் திணறி அவள் சொன்ன சில வார்த்தைகளை வைத்துக் கொண்டு மற்றவர்களைத் தேடிப் போனார்கள். பனிக்குள் புதைந்து கிடந்தவர்களில் ஒரே ஒரு சிறுவனுக்கு மட்டும் உயிர் இருந்தது. ஐந்து பிள்ளைகளும் உதவிக்கு வந்த பெண்ணும் மாண்டு போனார்கள்.

பிரிட்டனின் மலைகளில் நடையாகப் போனவர்களுக்கு நேர்ந்த விபத்துகளில் இதைப்போல் மக்கள் மனத்தை உலுக்கியது வேறில்லை. 1972 பிப்ரவரியில் பகிரங்க விசாரணை நடந்தது. பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு என்ன தகுதி வேண்டும், என்ன பயிற்சி வேண்டும் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. உயரத்தில் இருக்கும் குடில்களே அனுபவம் இல்லாதவர்களை ஆசை காட்டி இழுக்கின்றனவா என்றும் வாதம் நடந்தது. முடிவில் அந்தக் குடில் அகற்றப்பட்டது.

வரைபடத்தில் வழி சரியாகத்தான் இருந்தது. தூரமும் மாறவில்லை. மாறியது தரை ஒன்றுதான். ஒரு பகலில் கடக்கக் கூடிய நிலம், மூன்று நாட்களிலும் கடக்க முடியாத நிலமாயிற்று.

பச்சைப் பசேல் என்றால் ஜாக்கிரதை!

சரி, தரையைப் படிப்பது எப்படி? அடிவாரத்திலிருந்தே தொடங்குவோம்.

பிரிட்டிஷ் மலைகளில் கால் வைக்கிறவருக்கு முதல் சத்துரு சதுப்பு. செத்த பாசி மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்து உண்டான கறுப்பு மண்ணை 'பீட்' என்பார்கள். அதன் மேல் வளரும் ஸ்பாக்னம் என்ற பாசி, தன் உலர்ந்த எடையைப் போல் இருபது மடங்கு வரை தண்ணீரைக் குடித்து வைத்துக் கொள்ளும். கோடையில் வெயிலும் காற்றும் ஓரளவு உலர்த்துகின்றன. நவம்பரில் உலர்த்த யார் இருக்கிறார்கள்? பெய்த மழையெல்லாம் அங்கேயே நிற்கிறது. ஊறிப் போன தரை, இன்னும் ஒரு சொட்டு விழுந்தாலும் கொள்ளாது.

அனுபவசாலிகள் செடிகளைப் பார்த்தே தரையின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். பெரணிச் செடி செம்பழுப்பாகக் காய்ந்து கிடக்கிறதா? அங்கே தண்ணீர் வடிகிறது, நம்பி நடக்கலாம். கருஞ்சிவப்பாக ஹெதர் புதர் மண்டியிருக்கிறதா? பெரும்பாலும் பரவாயில்லை. கோரை முளைத்திருக்கிறதா? அடியில் ஈரம். கண்ணைப் பறிக்கும் இளம்பச்சையில், மெத்தை விரித்தாற்போல் பாசி தெரிகிறதா? அந்தப் பக்கமே போக வேண்டாம்! முழங்கால் வரை இழுத்துக் கொள்ளும். நனைந்த காலோடு மேலே போனால், உச்சிக் காற்றில் அந்த ஈரமே ஆளைக் குளிரால் விறைக்க வைத்துவிடும்.

"உறைபனி விழுந்திருக்கிறதே, சதுப்பு கெட்டியாகியிருக்குமே" என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஒரே ஓர் இரவுக் குளிர் சதுப்பின் மேல் அப்பளம் போல ஒரு படலத்தைத்தான் உண்டாக்கும். கால் வைத்ததும் நொறுங்கி உள்ளே போய்விடும். நாலைந்து நாள் இடைவிடாமல் கடுங்குளிர் நீடித்தால்தான் அது சாலை மாதிரி இறுகும்.

நனைந்த புல் சரிவையும் லேசாக எண்ணக் கூடாது. பார்வைக்குப் பட்டு விரிப்பு. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது குதிகால் வழுக்கினால், பிடித்து நிறுத்த ஒரு கல் கூட இருக்காது. சரிவின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும்.

கண்ணாடித் தரை

இனிப் பாறை. கிளென்ரிடிங் பெரியவர் ஏன் கத்திமுனை வழியை வேண்டாம் என்றார் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது.

மேலே போகப் போகக் குளிர் கூடும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய இரண்டு டிகிரி சென்டிகிரேட் என்பது பொதுவான கணக்கு. ஏரிக்கரையிலிருந்து ஹெல்வெலின் உச்சி 2,600 அடிக்கு மேல். கரையில் 5 டிகிரி என்றால் உச்சியில் பூஜ்யம்! கீழே பாதையில் சேறு. மேலே அதே ஈரம் பனிக்கட்டி.

முன்னிரவில் மழை. நடு இரவில் மேகம் விலகுகிறது. மேகம் என்ற போர்வை போனதும் தரையின் சூடு வானத்துக்குப் பறந்துவிடுகிறது. பாறை மேல் வழிந்து கொண்டிருந்த தண்ணீர் அப்படியே உறைந்து, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகிவிடுகிறது. மலையேறுகிறவர்கள் இதை 'வெர்கிளா' என்ற பிரெஞ்சுப் பெயரால் அழைக்கிறார்கள். பார்த்தால் வெறும் ஈரம் மாதிரிதான் இருக்கும். பாறையின் நிறம் அப்படியே தெரியும். கால் வைத்தால்தான் தெரியும் - தெரியும்போது ஆள் கீழே!

கனத்த பனியில் நடக்கப் பூட்ஸுக்கு அடியில் கட்டிக் கொள்ளும் இரும்பு முட்கள் உண்டு. கையில் பனிக்கோடரி உண்டு. இந்த மெல்லிய படலத்தில் அவையும் நன்றாகக் கடிப்பதில்லை. முள்ளின் கீழே உடனே கல் வந்துவிடுகிறது. ஆகவே அந்த மாதிரி நாளில் அகலமான புல் வழியே உத்தமம்.

சோதனை எப்படி? வழியில் நிழலாக இருக்கும் முதல் பாறையில், முழுப் பாரத்தையும் போடாமல் காலின் நுனியை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கைத்தடியின் நுனியால் கீறிப் பார்க்கலாம். ஈரமானால் சும்மா இருக்கும், பனிக்கட்டியானால் கிறீச்சிடும். இரண்டாயிரம் அடியிலேயே இது தென்பட்டால், மூவாயிரம் அடியில் என்ன இருக்கும் என்று ஜோசியம் கேட்க வேண்டியதில்லை. வெயில் படும் பக்கம் உருகியிருப்பதைப் பார்த்து நிழல் பக்கமும் அப்படித்தான் என்று நம்புவது இன்னொரு தப்பு.

புதுப் பனியின் பொல்லாத்தனம்

பனி என்றால் எல்லாம் ஒன்றுதானே? இல்லை. பனியிலும் பழசு, புதுசு உண்டு. இந்த விஷயத்தில் பழசுக்குத்தான் மதிப்பு!

பிப்ரவரி, மார்ச் மாதத்துப் பனி பல தரம் உருகிப் பல தரம் உறைந்து கெட்டிப்பட்டது. பள்ளம் மேடுகளை நிரப்பிச் சமமாக்கியிருக்கும். தக்க கருவிகளும் அவற்றைக் கையாளும் பழக்கமும் இருந்தால் அதில் விறுவிறு என்று போகலாம். நவம்பர்ப் பனியோ பஞ்சு. அதன் கீழே உறையாத புல். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் தடவியது போல் வழுக்கல். பாறைக் குவியல்களின் இடுக்குகளைப் பனி மூடியிருக்கும். தரையென்று நம்பிக் கால் வைத்தால் தொடை வரை உள்ளே போய்க் கணுக்கால் முறியும். சிற்றோடைகளின் மேலும் அப்படியே ஒரு பொய்க் கூரை போட்டிருக்கும்.

ஆகையால் பள்ளத்தாக்கிலிருந்து பார்க்கும்போது மலையில் எவ்வளவு பனி என்பதோடு, என்றைக்குப் பெய்த பனி, அதன் பிறகு உருகிற்றா, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் விசாரிக்க வேண்டும். காற்று வீசிய பக்கத்தில் வெறும் பாறை தெரியும்; மறு பக்கத்தில் இடுப்பளவு குவிந்திருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

திரும்பி வரும்போது ஓடை எங்கே?

ஏரிகளின் நாடு என்று பெயர் பெற்ற இந்தப் பிரதேசம் இங்கிலாந்திலேயே மழைக்குப் பேர் போனது. 2009 நவம்பர் 19, 20 தேதிகளில் சீத்வெயிட் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 316.4 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அப்போது பிரிட்டனில் அதுதான் உச்சம். வெள்ளத்தில் வொர்க்கிங்டன் நகரப் பாலம் இடிந்து, போக்குவரத்தைத் தடுத்து மக்களைக் காத்துக் கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். அந்த மழைக் கணக்கும் ஆறு ஆண்டுதான் நின்றது. 2015 டிசம்பர் 5 அன்று பக்கத்திலேயே ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர்!

ஊறிய தரையில் பெய்யும் மழைக்கு மண்ணுக்குள் இடம் இல்லை. நேரே ஓடைக்கு ஓடுகிறது. காலையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடை, மாலையில் ஆளை அடித்துக் கொண்டு போகும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்குவது பேதைமை. வேகமாக ஓடும் தண்ணீருக்கு முழங்கால் அளவே போதும். நல்ல வேளையாக மலை ஓடைகள் ஏறும் வேகத்திலேயே இறங்கவும் செய்யும். சில மணி நேரம் காத்திருப்பதும், பாலம் உள்ள இடத்துக்குச் சுற்றிப் போவதும் நஷ்டமே இல்லை. மழை நாளில் பாலமில்லாத ஓடையைக் கடக்கும் வழியைத் தேர்ந்தெடுக்காமலே இருப்பது இன்னும் மேல்.

நெய்ஸ்மித் போட்ட கணக்கு

மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வாய்ப்பாடு சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி. அதோடு ஒவ்வோர் 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இன்றும் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்பது மைல் தூரமும் 3,000 அடி ஏற்றமும் உள்ள ஒரு வழியை எடுத்துக் கொள்வோம். தூரத்துக்கு மூன்று மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை; ஆக நாலரை மணி. காலை பத்து மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் இரண்டரைக்குத் திரும்பிவிடலாம் போல் தோன்றும்.

ஆனால் நெய்ஸ்மித்தின் கணக்கு நல்ல தரைக்கு. அதில் உட்கார்ந்து ரொட்டி தின்னக் கூட நேரம் ஒதுக்கவில்லை! சதுப்பும் வழுக்கலும் புதுப் பனியும் சேர்ந்தால் அதே வழிக்கு ஏழு மணி நேரம் ஆகலாம். திரும்பும்போது மாலை ஐந்து. நவம்பரில் அது நல்ல இருட்டு. தரை கெட்டதென்று தெரிந்தால் வழியைச் சுருக்க வேண்டும். இல்லையேல் விடியும்போதே புறப்பட வேண்டும்.

கிளம்புமுன் ஐந்து கேள்விகள்

பழகியவர்கள் முன்னாள் மாலையே தங்களுக்குள் கேட்டுக் கொள்ளும் கேள்விகள் இவை:

1. நாளைய வானிலை இருக்கட்டும். போன ஒரு வாரத்தில் எவ்வளவு மழை, எத்தனை இரவு உறைபனி?

2. எந்த உயரத்துக்கு மேல் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது? போகும் வழி அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா? மலைகளுக்கென்றே தனியாக வெளியாகும் வானிலை அறிக்கைகளில் இந்த விவரம் இருக்கும்.

3. நேற்று அந்த மலையிலிருந்து இறங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்? விடுதிக்காரர், கடைக்காரர், ஆடு மேய்ப்பவர் யாரையாவது கேட்டாயிற்றா?

4. வழி கெட்டிருந்தால் மாற்று வழி எது? எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது?

5. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று யாரிடமாவது சொல்லியாயிற்றா?

பையில் வரைபடமும் திசைகாட்டியும் டார்ச் விளக்கும் விசிலும் இருக்க வேண்டும். ஆபத்தில் மாட்டிக் கொண்டால் நிமிஷத்துக்கு ஆறு தடவை விசில் ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடியும் ஆறு. பதிலுக்கு மூன்று விசில் கேட்டால் ஆள் வருகிறது என்று அர்த்தம். வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கடையையும் பண்ணையையும் விட்டுவிட்டு, அதே வழுக்குப் பாறையில், அதே இருட்டில் ஏறி வருகிறவர்கள். ஒருவர் தரையைப் பார்க்காமல் காலை வைத்தால், அபாயத்தைச் சுமப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

திரும்பி வந்தவனே கெட்டிக்காரன்

எல்லாக் கேள்விகளுக்கும் விடை தெரிந்து கொண்டு போனாலும், மலை சில சமயம் வேறு பதில் வைத்திருக்கும். கடைசித் தீர்ப்பைக் காலடியில்தான் சொல்ல முடியும். உச்சி இன்னும் முந்நூறு அடி. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் இருக்கிறது. தடியின் நுனி கிறீச்சிடுகிறது. அந்த இடத்தில் திரும்புவதற்குத்தான் உண்மையான தைரியம் வேண்டும்.

மாலை நாலு மணி. கிளென்ரிடிங்கில் விளக்குகள் எரிகின்றன. காலையில் போனவர்கள் மேற்குச் சரிவில் ஏறி, உச்சியின் ஓரம் வரை போய், கிழக்கே பாறை முதுகு கண்ணாடியாக மின்னுவதை எட்ட நின்று பார்த்துவிட்டு, பாதுகாப்பாக இறங்கிவிட்டார்கள். சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றிக் கொண்டே புதியவர் கேட்கிறார்: "அப்படியானால் அந்தக் கத்திமுனையில் நான் எப்போது நடப்பது?"

"அது எங்கேயும் போய்விடாது, நீங்களும் பத்திரமாக இருந்தால் ஜூன் மாதம் வாருங்கள்" என்கிறார் பெரியவர்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆற்றுக்குச் சொன்னது, மலைக்கும் பொருந்துகிறது.